கை எடுத்த பிறகும் ஓட வேண்டிய கேமரா: தனி வேட்டையைத் தானே படமெடுக்கக் கருவி தேர்வது எப்படி

வில்லை இழுத்துப் பிடித்துவிட்டால் உங்களிடம் மிச்சம் கை கிடையாது. ஒன்று வில்லில், ஒன்று நாணில். துப்பாக்கியானாலும் அதேதான்: ஒரு கை தாங்கிக்கொண்டிருக்கும், மற்றது விசைப்பக்கம் இருக்கும். அந்த நேரம் பார்த்து மான் நாலு எட்டு வைத்து கேமராவின் பார்வையை விட்டு விலகிவிட்டால் அதைத் திருப்ப ஆள் இல்லை. பக்கத்தில் ஒளிப்பதிவாளரை உட்காரவைத்து வேட்டையாடுகிறவருக்கு இந்தச் சிக்கல் வராது. தனியாகப் போகிறவர் கருவி வாங்கும்போது ஒவ்வொரு பொருளையும் பார்த்து ஒரே கேள்வி கேட்க வேண்டும்: நான் கையை எடுத்த பிறகும் இது தன் வேலையைச் செய்யுமா?

கீழே நான் சொல்லும் வரிசை முழுவதும் இந்தக் கேள்வியிலிருந்து வந்தது. அதனால்தான் கேமரா இதில் முதலாவதாக வராது.

இங்கே பேசுவதெல்லாம் சட்டம் அனுமதிக்கிற இடத்தில், உரிமத்தோடு, அதற்கான பருவத்தில் ஆடும் வேட்டையைப் பற்றி மட்டும். எதையும் வாங்குமுன் உங்கள் உரிமத்தின் விதிகளை ஒருமுறை முழுதாக வாசித்துவிடுங்கள். வில்லில் மின்னணுக் கருவி பொருத்தலாமா, பொதுக் காட்டில் படமெடுக்கத் தனி அனுமதி வேண்டுமா என்பதெல்லாம் இடத்துக்கு இடம் மாறும். டிரோனை வேட்டையோடு சேர்த்துப் பயன்படுத்தப் பல இடங்களில் தடை இருக்கிறது. புதிதாகப் படமெடுக்கத் தொடங்குகிறவருக்கு அது தேவையும் இல்லை.

முதலில்: எங்கே உட்காருவீர்கள்?

மரத்தில் பரண் கட்டி உட்காருகிறவர், தரையில் மறைப்புக் கூடாரத்துக்குள் காத்திருப்பவர், நடந்துபோய் விலங்கைக் கண்டுபிடித்து நெருங்குகிறவர். இந்த மூவருக்கும் வேண்டிய கருவிகள் வேறுவேறு. ஒருவருடைய பட்டியலை இன்னொருவர் வாங்கினால் பாதி வீட்டிலேயே தூங்கும்.

பரணில் எடை ஓரளவு பொறுத்துக்கொள்ளலாம், ஆனால் இடம் கிடையாது. கூடாரத்துக்குள் இடம் உண்டு, வெளிச்சம் கிடையாது. நடந்து வேட்டையாடுகிறவருக்கு ஒவ்வொரு கிராமும் கணக்கு. போன பருவத்தில் நீங்கள் எத்தனை நாள் எந்த முறையில் வேட்டையாடினீர்கள் என்று நேர்மையாக எண்ணிப் பாருங்கள். அதிகம் ஆடிய முறைக்கு மட்டும் முதல் ஆண்டு வாங்குங்கள்.

தாங்குவதை முதலில் வாங்குங்கள்

பரணுக்குக் கேமரா கை வேண்டும். மரத்தில் பட்டையால் இறுக்கிக் கட்டும் அடித்தளம், அதிலிருந்து முழங்கை மடங்குவதுபோல் இரண்டு மூன்று மூட்டுகளில் திரும்பும் ஒரு நீண்ட கை, அதன் நுனியில் கேமராத் தலை. இதில் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள்.

ஒன்று, அடித்தளத்தைச் சமப்படுத்த முடிய வேண்டும். செங்குத்தாக நிற்கும் மரம் காட்டில் அரிது. கை சமமாக இல்லையென்றால் நீங்கள் விட்ட கணமே அது தானாகப் பள்ளத்தின் பக்கம் நகரும். வில்லை இழுத்துக்கொண்டு, ஓரக்கண்ணில் கேமரா மெல்ல விலகிப்போவதைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிடக் கொடுமை வேறில்லை. இரண்டு, மூட்டுகள் சத்தம் போடக்கூடாது. கடையிலேயே காதருகே வைத்து மெதுவாக மடக்கிப் பாருங்கள். அலுமினியக் குழாயில் கிரீச் என்று ஒரு சத்தம் வந்தால், அமைதியான காலையில் இருபது மீட்டரில் நிற்கும் மானுக்கு அது போதும். மூன்று, உங்கள் கேமரா, லென்ஸ், மைக், தலை எல்லாம் சேர்ந்த எடையை அது தொய்யாமல் தாங்க வேண்டும். கையை முழுதாக நீட்டிய நிலையில் சோதியுங்கள்.

அடுத்தது ஃபுளூயிட் ஹெட். சாதாரணப் புகைப்பட முக்காலியோடு வரும் உருண்டைத் தலை இந்த வேலைக்கு உதவாது. அதைத் தளர்த்தினால் கேமரா குப்புற விழும், இறுக்கினால் அசையாது. ஃபுளூயிட் ஹெட்டில் உள்ளே இருக்கும் கெட்டியான திரவம் ஒரே சீரான இழுவையைத் தருகிறது. ஒரு விரலால் தள்ளினால் நகரும், விட்டால் அங்கேயே நிற்கும். தனியாகப் படமெடுப்பவருக்கு இந்த 'விட்டால் நிற்கும்' குணம் லென்ஸைவிட முக்கியம். உங்களிடம் இருக்கும் பணத்தில் கேமராவா, தலையா என்று வந்தால் தயங்காமல் தலையை நல்லதாக வாங்குங்கள். சுமாரான கேமரா நல்ல தலையில் உட்கார்ந்தால் பார்க்கும்படியான படம் கிடைக்கும். மாற்றிச் செய்தால் கிடைக்காது.

கூடாரத்துக்கு ஒரு தாழ்ந்த முக்காலி போதும். நடு உருளை இல்லாததாக, கால்கள் தனித்தனியாக விரிகிறதாகப் பாருங்கள். ஒரு காலைக் கூடாரத்தின் மூலையிலும் மற்ற இரண்டை நாற்காலியின் இரு பக்கமும் வைத்தால் வில்லுக்கு இடம் கிடைக்கும். நடந்து வேட்டையாடுகிறவர் கார்பன் முக்காலி ஒன்றைத் தொலைநோக்கிக்கும் கேமராவுக்கும் பொதுவாக வைத்துக்கொள்ளலாம். விரைந்து கழற்றி மாட்டும் தட்டு இரண்டுக்கும் ஒரே அளவில் இருக்கட்டும்.

இப்போது கேமரா

வேட்டைக்காரர்கள் 'கேமரா வெளிச்சம்' என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். உங்கள் கண்ணுக்கு மான் தெரிகிறது, வில்லில் குறிபார்க்க வைத்த குறிமுள்ளில் அதன் தோள்பட்டை தெரிகிறது, சட்டப்படி இன்னும் நேரம் இருக்கிறது, ஆனால் கேமராத் திரையில் கறுப்புக் கஞ்சிதான் தெரிகிறது. அப்போது கேமரா வெளிச்சம் போய்விட்டது என்பார்கள். கொம்புள்ள பெரிய கலைமான்கள் பெரும்பாலும் கருக்கலில்தான் நடமாடும். அதனால் இங்கே எந்தக் கேமராவையும் அளக்கும் கோல், கருக்கலில் எத்தனை நிமிடம் தாக்குப்பிடிக்கும் என்பதே. பட்டப்பகலில் எல்லாக் கேமராவும் நல்ல கேமராதான்.

வெளிச்சத்தை இரண்டு விஷயங்கள் தீர்மானிக்கின்றன: சென்சாரின் (கேமராவுக்குள் ஒளியை வாங்கிப் படமாக்கும் தகடு) பரப்பு, லென்ஸின் திறப்பு. முழுச்சட்ட (ஃபுல் ஃபிரேம்) சென்சார் 36 × 24 மில்லிமீட்டர். அதைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி வகை ஏறத்தாழ 23.5 × 15.6. ஒரு அங்குலச் சென்சார் என்று பெயர் வாங்கியது உண்மையில் 13.2 × 8.8 தான். திறப்பை எஃப் எண்ணால் சொல்வார்கள், எண் குறையக் குறையத் திறப்பு பெரிது: எஃப் 5.6 லென்ஸைவிட எஃப் 2.8 லென்ஸ் நான்கு மடங்கு ஒளியை உள்ளே விடும். விலை குறைந்த நீள ஜூம் லென்ஸ்களில் பல, நீட்டிய நிலையில் எஃப் 5.6 அல்லது அதற்கும் சிறிதாகச் சுருங்கிவிடும். அப்படி ஒரு லென்ஸைப் பெரிய சென்சாரில் மாட்டினால், சென்சார் தந்த லாபத்தில் பெரும்பகுதியை லென்ஸ் தின்றுவிடும்.

அப்படியானால் முழுச்சட்ட மிரர்லெஸ்ஸும் (லென்ஸ் மாற்றக்கூடிய, உள்ளே கண்ணாடி இல்லாத கேமரா) 70-200 எஃப் 2.8 லென்ஸும்தானே நல்லது என்று தோன்றும். ஒளிப்பதிவாளர் இருந்தால் ஆம். தனியாளுக்கு அதில் இரண்டு தொல்லைகள். பெரிய சென்சாரும் பெரிய திறப்பும் சேர்ந்தால் கூர்மை நிற்கும் ஆழம் குறுகிவிடும். நீங்கள் கை எடுத்த பிறகு மான் இரண்டு மீட்டர் முன்னே வந்தால் மங்கிப்போகும். அடுத்தது, லென்ஸின் வளையத்தைக் கையால் திருகித்தான் பெரும்பாலும் ஜூம் செய்ய வேண்டும். ஒரு அசைவு கூடுதல், ஒரு கை கூடுதல்.

கேம்கார்டர் அல்லது ஹேண்டிகேம் என்று நாம் அழைக்கும் கையடக்க வீடியோ கேமரா இந்த இரண்டையும் எளிதாகத் தீர்க்கிறது. சென்சார் சிறிது, அதனால் ஆழம் அதிகம். ஜூம் மோட்டாரில் ஓடும். பழைய மாடலான சோனி ஏஎக்ஸ்53-ஐ எடுத்துக்கொள்ளுங்கள்: முழுச்சட்டக் கணக்கில் 26.8 மில்லிமீட்டரிலிருந்து 536 வரை, 20 மடங்கு ஜூம். ஒரு அங்குலச் சென்சார் கொண்ட ஏஎக்ஸ்700-இல் ஜூம் 12 மடங்கு, 29 முதல் 348 வரை. கருக்கலில் முன்னதைவிடக் கூடுதலாகத் தாங்கும். புதியவருக்கு என் பரிந்துரை இதுதான்: முதல் இரண்டு பருவங்கள் ஒரு அங்குலச் சென்சார் கேம்கார்டர், பயன்படுத்தியதே வாங்கினாலும் சரி. கருக்கலில் சில நிமிடங்களை இழப்பீர்கள். பதிலாக, கிடைக்கிற நிமிடங்களில் எடுத்த படம் கூர்மையாகவும், விலங்கு படச்சட்டத்துக்குள்ளும் இருக்கும்.

கேம்கார்டரில் இன்னொரு வசதி, பான் கைப்பிடியில் (கேமராத் தலையைத் திருப்பும் கைப்பிடி) பொருத்தும் ரிமோட். சோனி உருவாக்கிய லான்க் என்ற இணைப்பு முறையில் இது நெடுங்காலமாக இருக்கிறது. கைப்பிடியைப் பிடித்தபடியே கட்டைவிரலால் ஜூம், ரெக்கார்டு இரண்டும் செய்யலாம். கேமராவைத் தொடவே வேண்டாம். வாங்குமுன் உங்கள் கேமராவில் அதற்கான துளையோ, அதற்கு ஈடான இணைப்போ இருக்கிறதா என்று பாருங்கள்.

கையில் இருக்கும் செல்பேசியோடு தொடங்கலாமா? தொடங்கலாம், பகல் வெளிச்சத்தில், கூடாரத்திலிருந்து, பதினைந்து இருபது மீட்டருக்குள். ஃபுளூயிட் ஹெட்டில் செல்பேசியைப் பொருத்தி ஒரு பருவம் பழகியவர், பெரிய கேமரா வாங்கியவுடன் திணறமாட்டார். தொலைவில் மேயும் விலங்கைக் காட்ட, தரமான தொலைநோக்கியின் கண்ணாடியோடு செல்பேசியைப் பொருத்தும் பிடிகளும் கிடைக்கின்றன. நடந்து வேட்டையாடுகிறவர்களுக்கு இது எடையே இல்லாத ஒரு நீள லென்ஸ்.

ஒரு எச்சரிக்கை. துப்பாக்கியின் ஸ்கோப்பில் பொருத்தும் கேமராக்கள் உண்டு. சுடும் கணத்தைப் பதிவுசெய்ய அவை சரி. ஆனால் படம் கிடைக்கிறதே என்று அதை வைத்துக் காட்டைத் துழாவாதீர்கள். ஸ்கோப் எங்கே பார்க்கிறதோ அங்கே துப்பாக்கியின் முனையும் திரும்பியிருக்கிறது. புதருக்குப் பின்னால் அசைவது இன்னொரு வேட்டைக்காரராக இருக்கலாம்.

எவ்வளவு ஜூம்? ஒரு சின்னக் கணக்கு

புதியவர்கள் எல்லாரும் செய்யும் தவறு, மான் வந்ததும் கொம்புவரை ஜூம் இழுத்துவிட்டு வில்லை எடுப்பது. இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். முழுச்சட்ட அளவில், 36-ஐ லென்ஸின் மில்லிமீட்டரால் வகுத்து, தூரத்தால் பெருக்கினால் படச்சட்டத்தின் அகலம் கிடைக்கும். 20 மீட்டர் தூரத்தில் 200 மில்லிமீட்டர் வைத்தால் அகலம் 3.6 மீட்டர். மானின் உடல் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் நீளம். நடுவில் நின்றால் இருபுறமும் ஒரு மீட்டர்தான் மிச்சம். ஓர் எட்டு, இரண்டு எட்டு, அவ்வளவுதான். அதே இடத்தில் 100 மில்லிமீட்டர் வைத்தால் அகலம் 7.2 மீட்டர். நீங்கள் வில்லை எடுத்து, இழுத்து, குறிபார்த்து விடும்வரை அந்த மான் நிதானமாக நடந்தாலும் பெரும்பாலும் சட்டத்துக்குள்ளேயே இருக்கும்.

மான் சிறிதாகத் தெரியுமே என்ற கவலையை 4கே தீர்த்துவைக்கிறது. 4கே படத்தில் 3840 × 2160 புள்ளிகள். முழு எச்டியில் 1920 × 1080. எண்ணிக்கையில் நான்கு மடங்கு. அதாவது 4கேயில் அகலமாக எடுத்துவிட்டு, வீட்டில் உட்கார்ந்து பாதி அகலத்தை வெட்டி எடுத்தாலும் எச்டி தரம் குறையாது. நீங்கள் செய்ய முடியாமல்போன ஜூமையும் திருப்பலையும் எடிட்டிங்கில் செய்துகொள்ளலாம். தனியாளுக்கு 4கேயின் பயன் கண்ணுக்கு அழகு அல்ல, இந்த இடவசதிதான்.

அமைப்புகள்: கேமரா உங்களுக்காக யோசிக்கக்கூடாத இடங்கள்

என்னுடைய இரண்டாவது பருவத்தில் ஒரு மாலை. பரணுக்கு எதிரே பதினெட்டு மீட்டரில் ஒரு கலைமான் பக்கவாட்டில் நின்றது. ரெக்கார்டு ஓடியது, சட்டம் சரியாக இருந்தது, அம்பும் சரியாகப் போனது. இறங்கி வந்து பார்த்தால், படத்தில் ஒரு காய்ந்த குச்சி. மூன்று மீட்டர் தொலைவில் குறுக்கே நீட்டிக்கொண்டிருந்த அந்தக் குச்சியின் பட்டை வெடிப்புகூடத் தெளிவாகத் தெரிகிறது. அதற்குப் பின்னால் பழுப்பாக ஒரு நிழல் நின்று, துள்ளி, மறைகிறது. கேமரா தன் விருப்பத்துக்கு ஃபோகஸ் செய்யும்படி விட்டிருந்தேன்.

ஆட்டோ ஃபோகஸ் வேண்டாம் என்று சொல்லவில்லை. விலங்கின் கண்ணை அடையாளம் கண்டு பின்தொடரும் வசதி இப்போதைய மிரர்லெஸ் கேமராக்கள் பலவற்றில் நன்றாகவே இருக்கிறது. ஆனால் இலைதழைகளுக்கு நடுவே, மங்கிய வெளிச்சத்தில், கை எடுத்த பிறகு அதை முழுதாக நம்பமுடியாது. பாதுகாப்பான வழி: ஆட்டோவில் மான்மேல் ஃபோகஸ் பிடித்ததும் ஒரே பொத்தானில் மேனுவலுக்கு மாற்றிப் பூட்டிவிடுவது. அந்தப் பொத்தான் கேமராவின் வெளிப்புறத்தில், கையுறை போட்ட விரலுக்கு எட்டும்படி இருக்க வேண்டும். மெனுவுக்குள் மூன்றடுக்கு உள்ளே போய் மாற்ற வேண்டிய கேமராவை வாங்காதீர்கள். கூர்மையான விளிம்புகளை நிறத்தில் காட்டும் பீக்கிங் வசதி இருந்தால் இன்னும் நல்லது.

எக்ஸ்போஷரும், அதாவது படத்தின் வெளிச்ச அளவும், அப்படித்தான். கூடாரத்துக்குள் இருட்டு, சன்னலுக்கு வெளியே வெளிச்சம். தானியங்கி இருட்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டு, மான் நிற்கும் வெளியை வெள்ளையாக எரித்துவிடும். லென்ஸைச் சன்னலுக்கு நெருக்கமாக வைத்து, வெளிச்சத்தைக் கையால் அமைத்துப் பூட்டுங்கள். இருட்டிக்கொண்டே வரும்போது பத்து நிமிடத்துக்கு ஒருமுறை திருத்துங்கள்.

நொடிக்கு எத்தனை ஃபிரேம் (தனித்தனிப் படம்)? முனைகளில் சக்கரம் வைத்த காம்பவுண்ட் வில்லிலிருந்து நொடிக்கு 90 மீட்டர் வேகத்தில் அம்பு போகிறது என்று வையுங்கள். 30 ஃபிரேமில் எடுத்தால் இரண்டு ஃபிரேமுக்கு நடுவே அம்பு மூன்று மீட்டர் தாண்டியிருக்கும். 60-இல் ஒன்றரை மீட்டர், 120-இல் முக்கால் மீட்டர். அம்பு எங்கே பட்டது என்று பின்னால் பார்க்க 60 நல்லது. ஆனால் 60-இல் ஷட்டரை (ஒவ்வொரு ஃபிரேமும் ஒளி வாங்கும் நேரம்) 1/120 நொடி அளவில் வைப்பது வழக்கம். 30-க்கு இறங்கினால் 1/60 போதும், ஒளி இரண்டு மடங்கு கிடைக்கும். ஆகவே பகலில் 60, கருக்கலில் 30. மாற்றும் பொத்தானைக் கண்ணை மூடிக்கொண்டு தொடத் தெரிந்துகொள்ளுங்கள். அம்பின் பின்முனையில் ஒளிரும் நாக் (நாணில் மாட்டும் பிளவுள்ள சிறு துண்டு) பொருத்த உங்கள் விதி அனுமதித்தால் பொருத்துங்கள். மங்கிய படத்திலும் அம்பின் பாதை ஒரு கோடாகத் தெரியும்.

கேமராவின் பீப் சத்தம், முன்னால் மினுக்கும் சிவப்பு விளக்கு இரண்டையும் மெனுவில் அணைத்துவிடுங்கள். அணைக்க வழியில்லாத விளக்கின்மேல் கறுப்பு நாடா ஒட்டுங்கள். திரையின் வெளிச்சத்தையும் குறையுங்கள். விடியற்காலை இருட்டில் அது உங்கள் முகத்தை விளக்கு வைத்ததுபோல் காட்டிக்கொடுக்கும்.

ஒலி

கேமராவில் உள்ள மைக் காற்றையும் உங்கள் கை உரசலையும்தான் நன்றாகப் பிடிக்கும். கேமராமேல் ஒரு சிறிய ஷாட்கன் மைக் (முன்னாலிருந்து வரும் ஒலியை முதன்மையாகப் பிடிக்கும் குழல் மைக்), அதன்மேல் ரோமம் போர்த்திய காற்றுத்தடுப்பு உறை. இந்த உறை கட்டாயம். பஞ்சு உறை மட்டும் மாட்டினால் மரத்தின் உயரத்தில் அடிக்கும் காற்றுக்கு ஈடுகொடுக்காது. உங்கள் கிசுகிசுப்பைப் பிடிக்கச் சட்டைக் கழுத்தின் உள்பக்கம் ஒரு வயர்லெஸ் மைக் இருந்தால் போதும். கன்னத்தில் நாண் உரசும் பக்கத்தில் மட்டும் வைக்காதீர்கள்.

துப்பாக்கிக்காரர்களுக்கு ஒன்று: வெடிச்சத்தம் எந்த மைக்கையும் நிரப்பிச் சிதைத்துவிடும். ஒலியளவைத் தாழ்த்தி இரண்டாவது தடத்தில் பதிவுசெய்யும் வசதி உங்கள் கேமராவிலோ மைக்கிலோ இருந்தால் அதை நிரந்தரமாகப் போட்டுவையுங்கள்.

இரண்டாவது கேமரா

உங்களைக் காட்ட ஒரு கேமரா வேண்டும். மான் வருவதைப் பார்த்த முகம், வில்லை இழுக்கும் தோள், விட்டபின் நடுங்கும் கை. இதெல்லாம் இல்லாத வேட்டைப் படம் வெறும் விலங்குப் படம். கோப்ரோ போன்ற அகலக் கோணச் சிறு கேமரா ஒன்றைத் தலைக்கு மேலே ஒரு கிளையில், வில்லின் மேல்முனை தட்டாத தூரத்தில் பொருத்தினால் வேலை முடிந்தது. சிறு கேமராவின் உள் பேட்டரி தொடர்ந்து ஓடினால் ஒன்று ஒன்றரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும். பவர் பேங்கிலிருந்து யூஎஸ்பி வயர் கொடுங்கள், அல்லது குரலுக்கோ ரிமோட்டுக்கோ எழும்படி வையுங்கள். மூன்றாவது கேமரா எதுவும் வேண்டாம். ஒவ்வொரு கேமராவும் இயக்க மறக்கக்கூடிய இன்னொரு பொத்தான்.

மின்சாரம், கார்டு, குளிர்

நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் 4கே எடுத்தால் மணிக்கு 45 ஜிபி ஆகும். 128 ஜிபி கார்டு ஏறத்தாழ 2 மணி 45 நிமிடம். வி30 என்று அச்சிட்ட கார்டு நொடிக்குக் குறைந்தது 30 மெகாபைட் எழுதும்; இந்த வேலைக்குப் போதும். பழைய புகைப்படக் கேமராக்கள் பல, வீடியோவை 29 நிமிடம் 59 நொடியில் தானாக நிறுத்திவிடும். வாங்குமுன் கேளுங்கள்.

குளிரில் லித்தியம் பேட்டரி சீக்கிரம் சோர்ந்துபோகும். மாற்று பேட்டரிகளைப் பையில் வைக்காமல் உள்சட்டைப் பையில், உடம்புச் சூட்டில் வையுங்கள். குளிரிலிருந்து சூடான அறைக்குள் வரும்போது கேமராவை வெளியிலேயே காற்றுப்புகாத பையில் போட்டு மூடிக்கொண்டு வாருங்கள். அறைச் சூட்டுக்கு வந்தபின் திறவுங்கள். இல்லையென்றால் லென்ஸின் உள்ளேயே நீர் கோத்துக்கொள்ளும்.

தரையில் பழகுங்கள்

கருவி வந்ததும் காட்டுக்கு ஓடாதீர்கள். வீட்டுக்குப் பின்னால் ஒரு மரத்தில் இடுப்பு உயரத்தில் கேமரா கையைக் கட்டி, உட்கார்ந்து, வில்லை இழுத்துப் பாருங்கள், அம்பு பூட்டி, பாதுகாப்பான இலக்கை நோக்கி. அம்பில்லாமல் நாணை விட்டால் வில் உடையக்கூடும். வில்லின் கீழ்முனை கேமரா கையில் இடிக்கிறதா? எந்தப் பக்கம் திரும்பினால் கேமரா குறியை மறைக்கிறது? அடித்தளத்தை அரை அடி ஏற்றி இறக்கி, மரத்தைச் சுற்றி நகர்த்தி, உங்கள் உடம்புக்கு ஏற்ற இடத்தைக் கண்டுபிடியுங்கள். அந்த இடம் ஆளுக்கு ஆள் மாறும், யாரும் சொல்லித்தர முடியாது. பிறகு அதையே கருக்கலில் செய்யுங்கள், கையுறையோடு.

பழக வேண்டிய வரிசை இது. விலங்கு தெரிந்ததும் முதலில் ரெக்கார்டை அழுத்துங்கள். திரையில் நொடிகள் ஓடுகின்றனவா என்று கண்ணால் பாருங்கள். பதற்றத்தில் இரண்டுமுறை அழுத்தி, ஓடியதை நிறுத்திவிட்டுப் போனவர்கள் ஏராளம். அடுத்து, மான் போகும் திசையில் கூடுதல் இடம் விட்டுச் சட்டம் அமையுங்கள். ஃபோகஸைப் பூட்டுங்கள். கையை எடுங்கள். அதன்பிறகுதான் வில். மான் சட்டத்தை விட்டுப் போனால் இரண்டில் ஒன்றை முடிவுசெய்ய வேண்டும்: வில்லைத் தளர்த்திக் கேமராவைத் திருப்புவதா, படத்தை விட்டுவிட்டு வேட்டையைப் பார்ப்பதா. இந்த முடிவைக் காட்டுக்குப் போகுமுன் வீட்டிலேயே எடுத்துக்கொள்ளுங்கள். எந்த முடிவை எடுத்தாலும், படச்சட்டம் அழகாக அமைய வேண்டுமென்று சரியில்லாத கோணத்தில் அம்பு விடக்கூடாது. உயிரோடு விளையாடும் அந்த உரிமையைக் கேமரா நமக்குத் தரவில்லை.

ஏறும்போது முழு உடல் பாதுகாப்புப் பட்டை தரையிலிருந்தே மாட்டியிருக்க வேண்டும். கேமராப் பை, வில், குண்டை வெளியே எடுத்துவிட்ட துப்பாக்கி எல்லாம் நீங்கள் ஏறி உட்கார்ந்து பட்டையைக் கட்டிக்கொண்டபின் கயிற்றில் மேலே வரட்டும். கேமராவைக் கழுத்தில் தொங்கவிட்டு ஏணி ஏறாதீர்கள்.

அம்பு போன பிறகு

கேமராவை உடனே நிறுத்தாதீர்கள். மான் ஓடிய திசையைப் பின்தொடர்ந்து திருப்புங்கள். கண் அந்த நேரத்தில் பொய் சொல்லும். எந்த மரத்தருகே மறைந்தது, கடைசியாக எங்கே கிளை முறியும் சத்தம் கேட்டது என்பது பதிவில் இருக்கும். பிறகு இறங்காமல், பரணிலேயே உட்கார்ந்து படத்தை ஒவ்வொரு ஃபிரேமாக ஓட்டிப் பாருங்கள்.

ஒரு மழைக்கால மாலையில் அம்பு மானின் தோளுக்குச் சற்றுப் பின்னால் பட்டது என்று சத்தியமே செய்திருப்பேன். நாலைந்து ஃபிரேம்களில் பச்சையாக ஒளிர்ந்த நாக், நான் நினைத்த இடத்துக்கு ஒரு சாண் பின்னால் போய் மறைந்தது. நுரையீரலில் பட்டால் அரைமணி நேரம் காத்திருந்து தேடத் தொடங்கலாம் என்பது வேட்டைக்காரர்களின் வழக்கம். ஈரல் என்றால் நாலைந்து மணி நேரம், குடல் என்றால் எட்டு முதல் பன்னிரண்டு. அவசரப்பட்டு விரட்டினால், படுத்த விலங்கு எழுந்து வெகுதூரம் போய்விடும், நம் கைக்கும் வராமல் வேதனையோடு சாகும். அன்று சத்தமில்லாமல் இறங்கி வீட்டுக்குப் போனேன். விடிந்து வந்து, படத்தில் கடைசியாகத் தெரிந்த வெள்ளைப் பட்டை மரத்திலிருந்து தேடத் தொடங்கினேன். ரத்தத் தடத்தை இரவு மழை கழுவியிருந்தது. அந்த மரத்திலிருந்து எண்பது எட்டில், ஓடைக்கரைப் புதரில் மான் படுத்த இடத்திலேயே கிடந்தது.